முப்பத்தேழு

ஜனவரி. கொர்ரியென்தெஸில் இரவிலும் சுவர் சுடும்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நின்றுபோன குளிர்சாதனத்துக்கு
மூன்று கடிதம் போட்டாகிவிட்டது.
மூன்றாவதில் தேதியை மட்டும் மாற்றினேன்.

ஜன்னலைத் திறந்தது நான்தான்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொசுவலையில் ஒரு கிழிசல், கட்டைவிரல் நுழையும்.
பிளாஸ்திரி ஒட்டியிருந்தோம்.
பரானா ஆற்றின் ஈரக்காற்றில் அது உரிந்து
ஒற்றை முனையில் ஆடிக்கொண்டிருந்தது.

நான்காம் படுக்கை. எலெயுத்தேரியோ கவுனா.
மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர்.
இருபத்தாறு நாளாக இயந்திரம் அவருக்காக மூச்சு விடுகிறது.
இருபத்தாறு நாளாக ஏட்டில் "மாற்றமில்லை".
எனக்கு முந்தியவள் எழுதியதை நான்,
நான் எழுதியதை எனக்குப் பிந்தியவன்.
ஈயடிச்சான் காப்பி.
அந்தச் சொல் இப்படித் திரும்பி வரும் என்று
யார் கண்டது.

மாத்தே குடிக்கும் மூலையில் நாங்கள் பேசுவது வேறு.
அவர் எப்போதோ போய்விட்டார், ஒஸ்வால்தோ,
ஆளில்லாத வீட்டுக்கு
நாம் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறோம்.
ரொசாரியோவிலிருந்து மகன் தொலைபேசியில் சொல்கிறான்:
எல்லாம் செய்யுங்கள்.
எல்லாம் என்பதில் என்னென்ன உண்டு என்று
அவன் கேட்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வாய் துடைக்கப் போனேன்.
இடது நாசியில் ஏதோ அசைந்தது.
அவர்தான் அசைகிறார் என்று
ஒரு நொடி, ஒரே ஒரு நொடி,
மகிழ்ந்தேன்.

பிறகு டார்ச்சை அடித்தேன்.
அரிசிமணிகள். வெளிச்சம் பட்டதும் உள்ளே போயின.

இடுக்கி. கிண்ணம். சாராயம்.
ஒஸ்வால்தோ நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.
எண்ண வேண்டும், அதுதான் விதி.
இருபதுக்கு மேல் அவன் வெளியே போய்விட்டு
முகத்தில் தண்ணீர் சொட்ட வந்தான்.
முப்பத்தேழு.

டாக்டர் அரேவாலோ புட்டியை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
வகுப்பெடுக்கும் குரலில் சொன்னார்:
இந்த ஈயின் புழு செத்த சதையைத் தொடாது.
அதற்கு உயிருள்ளதுதான் வேண்டும்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
ஏட்டில் சளி என்று எழுது, காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் போனபின் நின்றுகொண்டிருந்தேன்.
இரண்டு ஸ்கேன், ஒரு நரம்பியல் நிபுணர்,
தள்ளித் தள்ளிப் போன நெறிமுறைக் குழுக் கூட்டம்,
எங்கள் மூலைப் பேச்சு,
இவ்வளவுக்கும் நடுவில்
கிழிசல் வழியே ஒன்று வந்து
அவர் முகத்தில் உட்கார்ந்து பார்த்து
உயிர் உண்டு என்று
கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறது.

அதற்காக அதை மன்னிக்க மாட்டேன்.
ஆனால் ஆளில்லாத வீடு என்று சொன்ன வாயை
அன்றிரவு மூன்று முறை கொப்பளித்தேன்.

வலித்திருக்குமா என்று கேட்டதற்கு
வலிக்காது என்றார் டாக்டர்.
நேற்றுவரை நானும் அப்படித்தான் சொன்னேன்,
எல்லோரிடமும், அதே வேகத்தில்.

ஏட்டைத் திறந்து
முதல் எழுத்தை எழுதிவிட்டு
பேனாவை மூடினேன்.
ஓர் எழுத்துக்குப் பின்னால்
எந்தச் சொல்லும் வரலாம்.

ஜன்னலைச் சாத்தினோம்.
ஆறு படுக்கையும் நாங்கள் இருவரும்
விடியும்வரை வெந்தோம்.

பதினொரு மணிக்கு மகள் நொயேலியா,
இரவெல்லாம் பஸ்ஸில் வந்த கசங்கலோடு.
கைப்பையில் எலுமிச்சைக் கொலோன், நகவெட்டி.
என் பணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது.
ஏன் போகாமல் நின்றேன், தெரியவில்லை.

அப்பாவுக்கு ராத்திரி எப்படி இருந்தது?

எனக்கு வேறு சொல் வரவில்லை.
முப்பத்தேழு, என்றேன்.

அவள் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.
காய்ச்சல் இல்லையா, கன்னிமரியே.

திருத்துவதற்கு ஒரு நொடி இருந்தது.
அவள் அதற்குள் அவர் வலது கையை எடுத்து
மடியில் வைத்து
கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.
நகம் வளர்ந்திருந்தது.